தொப்பூர் கணவாயில் நாங்கள் இழுத்த பஸ்

போன பங்குனியில் தொப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் போய்வந்தேன். மொத்தமே பதினைந்து மைல். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்கிறவர்கள் இந்த யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் கணவாய் ஏறியிராதவர்கள். ஏறினவர்கள் கேட்கமாட்டார்கள். நம்மை உட்காரவைத்துத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் தொப்பூருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எங்கள் பள்ளியிலிருந்து முதல்முறையாக மூன்று பெண்கள் எட்டாவது பப்ளிக் பரீட்சைக்குப் போனார்கள். மாதம்மாள், ஆரோக்கியமேரி, சின்னப்பொண்ணு. பரீட்சை தர்மபுரியில். அழைத்துக்கொண்டு போக வேண்டியவர் எங்கள் தலைமை வாத்தியார். அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். வேறு ஆள் இல்லாததால் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எழுத்தில்தான் நான் வாயாடி. நேரில் வாய் வராது. சந்தையில் சொத்தைக் கத்திரிக்காயைப் பையில் போட்டால்கூடப் பேசாமல் வாங்கி வந்து, வீட்டில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து திட்டுகிற ரகம். வகுப்பில் நான் சொல்வது மூன்றாவது வரிசைக்குப் போகாது. பெண்பிள்ளைகள் ஊசியும் நூலுமாகக் குனிந்திருப்பதால் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இப்பேர்ப்பட்ட ஆள் கையில் மூன்று பிள்ளைகளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

எங்களோடு துணைக்கு மாதம்மாளின் தாய்மாமன் பச்சியப்பன் வந்தார். துணை என்று பெயர்தான். மாதம்மாளைத் தன் மகனுக்கு எப்போது முடிக்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அவரும் அவள் அப்பாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பரீட்சை எழுதிப் பாஸானால் அவளை வாத்தியார் டிரெயினிங்குக்கு அனுப்புவது. எழுதாமல் வந்தாலோ, தவறினாலோ, வைகாசியில் முகூர்த்தம். மாதம்மாளுக்கு அடுத்த வருஷம் என்பதே கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பச்சியப்பனுக்கும் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதெல்லாம் அவள் சரித்திரப் புத்தகத்தை விரித்தபடியே இருந்தாள்.

யுத்தத்துக்கு முன்னால் இந்த ரோட்டில் நாலைந்து பஸ் ஓடும். பெட்ரோல் போன இடம் தெரியாமல் போனபிறகு இப்போது ஒன்றுதான், அதுவும் கரியில். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைக் கட்டியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, ஒரு விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற அதிலிருந்து வரும் காஸில் எஞ்சின் ஓடும். சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். தர்மபுரிக்கு டிக்கெட் தலைக்கு ஆறணா. மத்தியானம் ஒரு மணிக்குப் புறப்படும் என்பார்கள், நாங்கள் புறப்பட்டபோது மூன்று அடித்திருந்தது.

பின்பக்கத்து ஸீட்டில் உட்காராதீர்கள். புகையும் கரித்தூளும் நேராக மூஞ்சியில் வந்து அப்பும். நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அதைப்பற்றி மேலே பேசுவதற்கில்லை.

பஸ்ஸுக்குள் கூட்டம். எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், அவர்களுக்குத் தலைவர் மாதிரி பச்சியப்பன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதே அளவு, அவர்களுக்குப் பெரியண்ணன் என்று மீசை வைத்த ஒரு பெரியவர். இரண்டு ஊருக்கும் சேர்ந்து ஒரே அம்மன், ஒரே தேர். அதனாலேயே இரண்டு ஊருக்கும் ஆகாது. பெரியண்ணன் காலடியில், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பதற்காக வாங்கிய புது வடம் ஒன்று சுருட்டிக் கிடந்தது. கற்றாழை நாரில் திரித்தது, என் மணிக்கட்டுப் பருமன். இவர்களைத் தவிரப் பாலக்கோட்டுப் புளி வியாபாரி ஒருவர். அவருடைய மூட்டைகள் பஸ்ஸின் தலைமேல் மலையாக ஏறியிருந்தன.

தொப்பூரைத் தாண்டியதும் காடு. அப்போதுதான் இலை உதிர்ந்திருந்தது. பாறைகளுக்கு நடுவே ஆங்காங்கே புரசு மட்டும் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கண்ணுக்கு நல்ல காட்சிதான், நின்று நிதானமாகப் பார்க்கலாம். பஸ்ஸும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் போகும்.

பாதி மேட்டில், எல்லாவற்றிலும் செங்குத்தான வளைவுக்குக் கீழே, பஸ் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். டிரைவர் காதர் பாய் இறங்கி அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரி ஈரமுங்க. காஸ் பத்தலை. அந்த வளைவு வரைக்கும் ஏத்திட்டோம்னா அப்புறம் மேடு கம்மி, எஞ்சினே பாத்துக்கும். இறங்கித் தள்ளுங்க."

இது இந்த ரோட்டில் வழக்கம். ஆறணா கொடுத்துவிட்டு நாமே தள்ளுகிறோமே என்று யாரும் கேட்பதில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பஸ் அசையவில்லை. ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் "இடப்பக்கம்" என்றார், ஒருவர் "வலப்பக்கம்" என்றார். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் பீடி பற்றவைத்தார். எல்லாரும் சேர்ந்து தள்ளின நேரம் ஒன்றுகூட இல்லை. வியாபாரி இறங்கவே இல்லை. மூட்டைகளை இறக்கச் சொன்னதற்கு, "பேடா, பேடா, வேணாங்க. காட்ல இறக்கினா யாரு பாத்துக்குவாங்க? மூட்டை இறங்கினா நானும் இறங்கித் திரும்பிப் போவேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

காதர் பாய் வானத்தைப் பார்த்தார். "வெளக்கு சரியா எரியாதுங்க இந்த வண்டியில. பொழுது சாயறதுக்குள்ள ஏறலைன்னா நான் அப்படியே பின்னால உருட்டித் தொப்பூர்லயே விட்டுடுவேன். நாளைக்குத்தான் மறுபடி."

நாளைக் காலையில் பரீட்சை. மூன்று பிள்ளைகளையும் இருட்டில் சிறுத்தைக் காட்டு வழியே நடத்திக்கொண்டு போகவும் முடியாது. பச்சியப்பன் என் பக்கத்தில் வந்து, கோபமில்லாமல், சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னார்: "அம்மனே வேணாம்னுது போலிருக்குங்க டீச்சரம்மா. விட்ருங்க. பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குத் திரும்பிடலாம்."

மாதம்மாள் புத்தகத்தை மூடினாள். அழவில்லை. முந்தானையில் புத்தகத்தைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பி நடக்கத் தயாரான மாதிரி நின்றாள்.  எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், என் வாழ்நாளில் சேர்த்துவைத்த கத்திரிக்காய்க் கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

காதர் பாயிடம் போய், "எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா ஏறுமா?" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்கம்மா, எனக்கில்லை, அவங்களுக்கு" என்றார்.

பஸ்ஸின் முன்மட்கார்டு மேல் ஏறினேன். என் சாப்பாட்டுத் தூக்குப்போணியின் மூடியை எடுத்து பானெட்டில் படபடவென்று தட்டினேன். திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க."

நான்தான் சொன்னேன். ஊர்ப் பெரியவர்கள், மீசைக்காரர்கள், முப்பது பேர் வாயை மூடினார்கள். எனக்கே திகிலாக இருந்தது. அடுத்தாற்போல் என்ன சொல்வது என்று ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மட்கார்டு மேல் ஏறியாயிற்று, சும்மா இறங்கினால் மானம் போய்விடும்.

முதலில் புளிக்காரர். பஸ்ஸுக்குள் போய் என் தகரப் பெட்டியை இழுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "மூணு பிள்ளைங்களோட ஹால் டிக்கெட் இதுலதான் இருக்குங்க. இதைவிட எங்ககிட்ட ஒசத்தியான சாமான் எதுவும் இல்லை. உங்க மூட்டையோட இதையும் கீழ வைக்கிறேன். பஸ் வளைவுல ஏறி நிக்கிற வரைக்கும் நீங்கதான் காவல். அப்புறம் ஆளுக்கொரு மூட்டையா எல்லாரும் சுமந்து ஏத்துவோம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் சரக்குக்கு உத்தரவாதம் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் என் சரக்கைக் கொடுத்துவிட்டதால் மேலே பேச வழியில்லை. "செரி, செரி. இறக்குங்க" என்று பெட்டியோடு இறங்கி, அதன்மேல் கை வைத்தபடி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். மளமளவென்று மூட்டைகள் இறங்கின. பஸ் ஒரு சாண் உயர்ந்த மாதிரி இருந்தது.

அடுத்து வடம். பெரியண்ணனிடம் கேட்டேன். புது வடம் என்று தயங்கினார். அவர் ஊர்க்காரர் ஒருவரே, "நம்ம தேர் இதைவிட எடை. வடத்துல கட்டி இழுத்தா பஸ்ஸு எம்மாத்திரம்?" என்றார். அந்தப் பேச்சுப் போதும், பெரியண்ணனே வடத்தை அவிழ்த்து பஸ்ஸின் முன்கொக்கியில் முடிச்சுப் போட்டார். நான் மனசுக்குள் கும்மாளம் போட்டேன். தேர் என்ற வார்த்தை வந்தால் அடுத்து என்ன வரும் என்பதை யோசிக்காத கும்மாளம்.

பெரியண்ணன் வடத்தின் தலைப்பைக் கையில் எடுத்தார். பச்சியப்பன் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல் வடம் எங்க ஊருது."

"வடமே என்னுது" என்றார் பெரியண்ணன்.

"வடம் ஆருதா இருந்தா என்னங்க? தேர்ல முதல் புடி எங்களுதுதானே?"

அவ்வளவுதான். பஸ்ஸை மறந்தார்கள், பொழுதை மறந்தார்கள். தாத்தா காலத்துத் தகராறு முழுக்கக் கணவாய்க்கு வந்துசேர்ந்தது. யார் முதலில் பிடிப்பது என்று தீராமல் தேரே இரண்டு வருஷம் ஓடாமல் நின்ற கதையைக் காதர் பாய் எனக்கு ரகசியமாகச் சொன்னார். மறுபடி மூடியைத் தட்டினேன்.

"இது தேரா, பஸ்ஸா? பஸ்ஸுன்னா முதல் மரியாதையே கிடையாது. யாரு வேணா எங்க வேணா புடிக்கலாம். தேருன்னா, இது யாருக்காக மேல போவுது? நாளைக்கே தர்மபுரியில இருந்தாகணும்னு யாருக்குங்க இருக்கு? உங்களுக்கா?"

பிள்ளைகள் பக்கம் கையை நீட்டினேன்.

"இந்த மூணு பேருக்குத்தான். தலைப்பு அவங்க கையில. அவங்களுக்குப் பின்னால இந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்தப் பக்கம் ஒரு ஊரு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை."

பெரியண்ணன் மீசையைத் தடவினார். "பொண்ணுங்க தலைப்புப் புடிச்சு வழக்கமில்லீங்களே."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாதம்மாள் என்னைத் தாண்டிப் போனாள். மாமன் கையிலும் பெரியண்ணன் கையிலுமாக இருந்த தலைப்பைப் பிடித்தாள். "வுடுங்க மாமா, பொழுதாவுது" என்றாள். இரண்டு பேரும் விட்டார்கள். ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டு அவள் பின்னால் நின்றாள். சின்னப்பொண்ணு பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் நின்றாள். ஆண்கள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் வரிசையானார்கள். 

நான் எல்லாருக்கும் முன்னால் போய், அவர்களைப் பார்த்தபடி நின்று என் குடையைத் தூக்கினேன். குடை மேலே போனால் இழுக்க வேண்டும், கீழே வந்தால் நிறுத்த வேண்டும். காதர் பாய் எஞ்சினை உசுப்பினார், கிளீனர் கல்லும் கையுமாகப் பின்சக்கரத்துக்குப் போனார். இழுத்தார்கள். பஸ் நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் பின்பக்கமாகவே நடந்து ரோட்டோரப் புதரில் விழப் பார்த்தேன்.

பத்தடி போயிருக்கும். பெரியண்ணன் பழக்கதோஷத்தில் "நிறுத்து" என்று குரல் கொடுத்தார். அவர் ஊர்க்காரர்கள் கையை விட்டார்கள், மற்றவர்கள் விடவில்லை. வடம் கோணி இழுத்து, பஸ் ஒரு முழம் பின்னால் சரிந்து, கல்லில் முட்டி நின்றது. பின்னால் பள்ளம். கிளீனர் வெளிறிப்போய் எழுந்தார்.

முதலில் பெரியண்ணனைத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆயுசு முழுக்கத் தேரில் அவர் குரலுக்குத்தான் நின்றிருக்கிறார்கள். அவரை ஊமையாக்கிவிட்டால் ஒருவர்கூட இழுக்கமாட்டார். அதோடு எனக்கு முன்னால் இருப்பது தெரிகிறதே தவிர, பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை.

"பெரியவரே, நீங்க பின்சக்கரத்துக்கிட்ட வாங்க. இழுக்கறதுக்கு என் குடை. நிறுத்தறதுக்கு உங்க குரல். எப்ப நிக்கணும், எப்ப கல்லு வைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா நானும் குடையை இறக்கிடுவேன்."

அவர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். அதற்குப்பிறகு பஸ் பின்னால் சரியவே இல்லை. குடை ஏறும், இழுப்பார்கள். "ஆச்சு, நில்லு" என்று கணீரென்று குரல் வரும், நிற்பார்கள், கல் விழும். மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மறுபடி குடை. இரண்டு பர்லாங் தூரம் இப்படியே. எதிரே புளிய விறகு ஏற்றி இறங்கிவந்த மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வடத்தில் வந்து தொற்றிக்கொண்டார்கள். எந்த ஊர் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

வளைவில் ஏறியதும் எஞ்சின் உறுமி, வடம் தொய்ந்தது. பஸ் தன் காலிலேயே வந்தது. காதர் பாய் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். பெரியண்ணனும் பச்சியப்பனும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் நடுரோட்டில் குடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. ஜெயித்தோம், அதை ஏன் அடக்கமாகச் சொல்லவேண்டும்?

சொன்னபடி எல்லாரும் இறங்கிப் போய் மூட்டைகளைச் சுமந்து வந்தார்கள். புளிக்காரர் என் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

விளக்கு வைக்கிற வேளைக்குத் தர்மபுரி. ஆரோக்கியமேரியின் சித்தி வீட்டில் தங்கினோம். அங்கே போய்த்தான் மாதம்மாளின் உள்ளங்கையைப் பார்த்தேன். கற்றாழை நார் அறுத்து இரண்டு கையும் கன்றிச் சிவந்திருந்தது. வலது கையில் தோல் உரிந்திருந்தது. பேனா பிடிக்கிற கை.  பஸ்ஸை ஏற்றிவிட்டுப் பிள்ளையின் கையைக் கெடுத்தோமே என்று உட்கார்ந்துவிட்டேன். பச்சியப்பன் எட்டிப் பார்த்தார். உடனே வெளியே போனார். தெருத் தெருவாக அலைந்து, ஒரு வாழையிலைத் துண்டில் வெண்ணெய் வாங்கிவந்து, மருமகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு தானே தடவினார். தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டியும் விட்டார். "எரியுதா கண்ணு?" என்றார். "எழுதலாம் மாமா" என்றாள் அவள். காலையில் அந்தக் கட்டோடு போய் எல்லாப் பரீட்சையும் எழுதினாள்.

இந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பரீட்சை, கலியாணம், கோர்ட்டு என்று தவறவிட முடியாத காரியமாக இருந்தால் ஒருநாள் முன்னதாகவே போய்விடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், கணவாயில் கிடைக்காது. புளிசாதமும் குடையும் அவசியம். வாரில்லாத செருப்பு வேண்டாம். வடம் பிடிப்பதாக இருந்தால் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், இது நாங்கள் விலை கொடுத்துக் கற்றது. பஸ் நின்றுவிட்டால் அடுத்தவர் ஏதாவது சொல்லட்டும் என்று ஓரமாக நிற்காதீர்கள். அங்கே இருந்த முப்பது பேருக்கும் இழுக்கத் தெரியும், ஏற்றவும் பலம் இருந்தது. யாராவது சேர்த்துவைக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பெரிய குரல் வேண்டும் என்று நினைத்து நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று பார்த்து, அதை அவரிடமே விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சந்தையில்கூட இப்போது கத்திரிக்காயைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

ரிஸல்ட் வைகாசியில் வந்தது. மூன்று பேரும் பாஸ். மறுநாள் காலையில் என் தையல் வகுப்பு வாசலில் நிழல் தட்டியது. பச்சியப்பன். உள்ளே வரத் தயங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முகூர்த்தப் பேச்சைத்தான் மறுபடி எடுக்கப்போகிறார் என்று நினைத்து, நானும் ஒரு சண்டைக்குத் தயாராக எழுந்து போனேன்.

"டிரெயினிங் பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸுங்க போவுது?" என்றார்.

"சேலத்துக்குப் போகணுங்க. அந்தப் பக்கம் கணவாய் கிடையாது. ஒரே சமதரை, பயப்படாம அனுப்பலாம்" என்றேன்.

"மேடா இருந்தா மட்டும் என்னங்க? இழுத்துட மாட்டமா?" என்றார் பச்சியப்பன்.